வாரப் புள்ளிப் பட்டியலை எந்தக் கணக்கில், எப்போது முடிவு செய்வது?

அரசரடி லெஃப்ட் விங்:

நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் பந்து விளையாடிய நாங்கள் பதினொரு பேர், இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் இணைய விளையாட்டான ஃபேன்டசி பிரீமியர் லீக்கில், தனியாக ஒரு கிளாசிக் லீக் (மொத்தப் புள்ளியால் வரிசைப்படுத்தும் லீக்) வைத்து ஆடி வருகிறோம். பருவம் முழுவதற்குமான மொத்தப் பட்டியலில் எங்களுக்குள் தகராறு கிடையாது. அதைத் தளமே பார்த்துக்கொள்கிறது. வாரப் பட்டியல்தான் சிக்கல். ஒவ்வொரு கேம்வீக்கிலும் (ஒரு சுற்று ஆட்டங்கள் நடக்கும் வாரம்) கடைசி இடத்தில் இருப்பவர், முதலிடம் பிடித்தவருக்குக் கறிதோசை வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பணம் வைத்து ஆடுவதில்லை. ஆனால் கறிதோசை என்று வந்துவிட்டால் பணத்தைவிடக் கடுமையாகத்தான் வாதாடுகிறார்கள்.

பட்டியலை எழுதிக் குழுவில் போடுகிற நண்பர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குக் கடைக்குக் கிளம்பும்போதே செல்பேசியில் புள்ளிகளைப் பார்த்து, பூக்கணக்கு எழுதுகிற துண்டுத் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை வரிசையாக எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். அக்டோபர் வரையில் யாரும் குறை சொல்லவில்லை. அதன் பிறகு, அவர் அனுப்பிய பட்டியலுக்கும் காலையில் நாங்கள் எழுந்து பார்க்கும் பட்டியலுக்கும் பொருந்துவதே இல்லை.

சென்ற கேம்வீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 71 புள்ளி எடுத்து முதலிடம் என்று பட்டியலில் வந்துவிட்டார். ஆனால் அவர் இலவச அளவுக்கு மேல் இரண்டு டிரான்ஸ்பர் (ஆட்டக்காரரை மாற்றுவது) செய்து 8 புள்ளி இழந்தவர். இந்தக் கழிவைத்தான் ஹிட் என்கிறோம். இன்னொருவர் ஹிட் எதுவும் எடுக்காமல் 66. மூன்றாமவர் விடியற்காலையில் 60 என்றிருந்தார். காலையில் பார்த்தால் 69. திங்கள் இரவு ஆட்டத்தில் அவருடைய டிஃபென்டர் களமிறங்காததால் பெஞ்சில் (மாற்று ஆட்டக்காரர் வரிசையில்) இருந்த டிஃபென்டரின் 9 புள்ளி சேர்ந்துவிட்டது. பெஞ்சில் முதலாவதாக இருந்தவர் 2 புள்ளி எடுத்த மிட்ஃபீல்டர். அவரைத் தாண்டி டிஃபென்டர் எப்படி உள்ளே வந்தார் என்று மற்ற இருவரும் கேட்கிறார்கள். ஆக, ஒரு கறிதோசைக்கு மூன்று பேர் உரிமை கோருகிறார்கள். எந்தக் கணக்கு முறையானது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தமுக்கத்தான்:

உங்கள் பூக்கடை நண்பரிடம் குறை இல்லை; கடிகாரம்தான் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால் திங்கள் இரவு அங்கே எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அதுவரை நமக்கு நள்ளிரவு 12.30 மணிக்கு வந்தது, இப்போது 1.30 மணிக்கு வருகிறது. இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்தால் ஆட்டம் முடிய 3.20 மணிக்கு மேல் ஆகிவிடும். அவர் மூன்று மணிக்கு எழுதுகிற பட்டியல் ஆட்டத்தின் நடுவில் எழுதப்பட்ட பட்டியல். மார்ச் கடைசி ஞாயிறு வரை இப்படித்தான் இருக்கும். டெட்லைனும் இதோடு சேர்ந்து நகர்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்: கேம்வீக்கின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னதாக அணி பூட்டப்படுகிறது என்பதால், சனிக்கிழமை அங்கே பகல் 12.30 ஆட்டத்தோடு தொடங்கும் வாரத்தில் கோடையில் நமக்கு மாலை 3.30 வரை இருந்த அவகாசம் இப்போது 4.30 வரை இருக்கிறது.

ஆட்டம் முடிந்த கையோடு எழுதினாலும் பட்டியல் நிலையாகிவிடாது. களமிறங்காத ஆட்டக்காரருக்குப் பதில் பெஞ்சில் இருப்பவரைச் சேர்க்கும் வேலை, அந்தக் கேம்வீக்கின் கடைசி ஆட்டமும் முடிந்த பிறகே நடக்கிறது. கேப்டன் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டால் இரட்டிப்புப் புள்ளி வைஸ் கேப்டனுக்குப் போவதும் அப்போதுதான். போனஸ் புள்ளிகளும் ஆட்டத்தின்போது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓர் ஆட்டத்தில் சிறப்பாக ஆடிய முதல் மூவருக்கு 3, 2, 1 என்று கிடைக்க வேண்டியது, முதலிடத்தில் இருவர் சமமாக நின்றால் இருவருக்கும் 3, அடுத்தவருக்கு 1 என்று மாறிவிடும். அசிஸ்ட் (கோலுக்கு உதவியது) யாருக்கு என்பதுகூடச் சில நேரங்களில் பிறகு திருத்தப்படுவது உண்டு.

பெஞ்சு மிட்ஃபீல்டரைத் தாண்டி டிஃபென்டர் வந்தது விதிப்படி சரி. களத்தில் குறைந்தது மூன்று டிஃபென்டர்கள் இருந்தாக வேண்டும். உங்கள் மூன்றாம் நண்பர் மூன்று டிஃபென்டர்களோடுதான் இறங்கியிருப்பார். அதில் ஒருவர் ஆடாதபோது அந்த இடத்துக்கு இன்னொரு டிஃபென்டர் மட்டுமே வர முடியும். பெஞ்சின் வரிசை அதற்குப் பிறகுதான்.

ஹிட் பற்றிய கேள்விக்கு என்னிடம் எளிய வழி ஒன்று இருக்கிறது. வாரப் புள்ளி என்று எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். இந்த வாரத்து மொத்தத்திலிருந்து சென்ற வாரத்து மொத்தத்தைக் கழியுங்கள். மொத்தத்தில் ஹிட் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருப்பதால், கிடைக்கும் வித்தியாசமே ஒருவர் அந்த வாரம் உண்மையில் சம்பாதித்தது. ஐயம் இருந்தால் ஒவ்வோர் அணியின் வரலாற்றுப் பக்கத்திலும் வாரப் புள்ளி ஒரு பத்தியிலும் டிரான்ஸ்பருக்கான கழிவு இன்னொரு பத்தியிலும் தனித்தனியாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் கணக்கில் 69, 66, 63 என்று வரிசை வரும். கறிதோசை மூன்றாம் நண்பருக்கு.

கூடல்நகர் கோல்கீப்பர்:

தமுக்கத்தான் அண்ணன் நேரத்தைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. ஹிட்டைக் கழிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. இலவச டிரான்ஸ்பருக்கு மேல் செய்யும் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி போகிறது என்பது உண்மை. ஆனால் அந்த 4 புள்ளியைக் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரர் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வருவதில்லை, அடுத்து வரும் பல வாரங்களுக்கும் அணியில் இருக்கப் போகிறார். பலனைப் பல வாரங்களில் பெற்று, செலவை மட்டும் ஒரே வாரத்தின் தலையில் கட்டுவது வாரக் கணக்கைக் கோணலாக்குகிறது. மொத்தப் பட்டியலில் கழிக்கட்டும், அது நியாயம். வாரப் பரிசு என்பது அந்த வாரம் களத்தில் இறங்கிய பதினொரு பேர் என்ன செய்தார்கள் என்பதற்கான பரிசு. அந்தக் கணக்கில் 71 எடுத்தவரே முதல்வர்.

தமுக்கத்தான்:

தங்கையின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நடைமுறையில் அது நிற்காது. கழிவு இல்லை என்று வைத்துவிட்டால், மொத்தப் பட்டியலில் பத்தாவது இடத்திலும் பதினோராவது இடத்திலும் இருந்து பருவத்தைக் கைவிட்டவர்கள், வாரம் ஆறு டிரான்ஸ்பர் கூடுதலாகச் செய்து 24 புள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கறிதோசைக்காக மட்டும் ஆடத் தொடங்குவார்கள். அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. மொத்தப் பட்டியலில் முன்னணியில் இருக்கிற, அதனாலேயே கவனமாக ஆடுகிற ஆளுக்குத்தான் தண்டனை விழும்.

அதோடு, தளமே வாரத்துக்கு வாரம் இருவர் இருவராக மோத வைக்கும் ஹெட் டு ஹெட் லீக்கில், அந்த வாரத்துக்காக எடுத்த ஹிட்டைக் கழித்த பிறகே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. வார ஆட்டத்துக்கு அந்த விளையாட்டு வகுத்த முறை அதுவாக இருக்கும்போது நாம் வேறு முறை தேட வேண்டியதில்லை. இலவச டிரான்ஸ்பரை ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். சிப் எனப்படும் சிறப்புச் சலுகைகளில் வைல்டு கார்டோ ஃப்ரீ ஹிட்டோ போட்ட வாரத்தில் எத்தனை மாற்றம் செய்தாலும் கழிவே இல்லை. இத்தனை வசதி இருந்தும் ஹிட் எடுப்பவர் தெரிந்தேதான் எடுக்கிறார்.

மேலூர் ஸ்டாப்பர்:

கழிவைப் பற்றி அண்ணன் பக்கமே நிற்கிறேன். என்னுடைய கவலை வேறு. வாராவாரம் முதலிடத்தையும் கடைசி இடத்தையும் மட்டும் கணக்கில் எடுத்தால், இரண்டாவது முதல் பத்தாவது வரை உள்ள ஒன்பது பேருக்கு அந்த வாரப் பட்டியலில் ஒரு பொருளும் இல்லை. எங்கள் மினி லீக்கில் ஜனவரி வந்தால் பாதிப் பேர் அணியைத் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிடுவது இதனால்தான்.

ஹெட் டு ஹெட்டுக்கு மாறலாமே என்று சிலர் சொல்வார்கள். வென்றால் 3, சமன் என்றால் 1 என்று கணக்கு சுவையாக இருக்கும். ஆனால் நீங்கள் பதினொரு பேர். ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் வாரம் ஒருவர் எதிராளி இல்லாமல் நிற்பார். அவருக்கு லீக்கின் சராசரிப் புள்ளியை எதிராளியாக நிறுத்துவார்கள். எல்லோரோடும் சராசரியோடும் ஒரு சுற்று மோதி முடிக்க 11 வாரம் ஆகும். மூன்று சுற்றுக்கு 33 வாரம் போனால் 38-இல் மீதி 5 வாரம் அரைகுறைச் சுற்றாக நிற்கும். யாருக்கு யார் நான்காவது முறை வருகிறார் என்பது வெறும் அதிர்ஷ்டம். அதைவிட மோசமானது, லீக்கிலேயே இரண்டாவது அதிகப் புள்ளி எடுத்துவிட்டு, முதலிடத்தில் இருப்பவரிடமே மாட்டித் தோற்றுப் போவது. அன்று கடைசிக்கு முந்தினவர் கடைசியாளை வென்று 3 புள்ளியோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்: ஒவ்வொரு வாரமும் எல்லோரும் எல்லோரோடும் மோதியதாக வைத்துக்கொள்கிறோம். தமுக்கத்தான் அண்ணன் சொன்னபடி மொத்தத்தைக் கழித்து வாரப் புள்ளியை எடுத்து வரிசைப்படுத்தினால், பதினொரு பேரில் முதலிடத்தில் இருப்பவர் பத்துப் பேரை வென்றவர், அவருக்கு 10. அடுத்தவருக்கு 9. கடைசி ஆளுக்கு 0. இதை வாராவாரம் கூட்டிக்கொண்டே போனால் மொத்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் வளரும். கேப்டனின் புள்ளியை மூன்று மடங்காக்கும் டிரிபிள் கேப்டன் சிப் போட்டு ஒரே வாரத்தில் நூறைத் தாண்டியவருக்கும் அந்த வாரத்துக்கு 10 மட்டும்தான். அதனால் ஒரு சிப்பை வைத்துப் பருவத்தையே வளைக்க முடியாது. இதில் குறையும் உண்டு. ஒரு புள்ளியில் வென்றதும் நாற்பது புள்ளியில் வென்றதும் ஒன்றாகிவிடும். அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் தளத்தின் மொத்தப் பட்டியல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகமது சலா 344 புள்ளி எடுத்த 2024-25 பருவத்தில் எங்களில் பாதிப் பேர் வாரம் தவறாமல் அவரையே கேப்டனாக வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேப்டன் என்றால் அவருடைய இரட்டிப்புப் புள்ளி எல்லோருக்கும் ஒன்றுபோல் ஏறி இறங்கும்; வார வரிசையைத் தீர்மானிப்பவர்கள் விளையாட்டில் நாற்பது லட்சம், ஐம்பது லட்சம் பவுண்டு விலையுள்ள மலிவான டிஃபென்டர்களே. 2025-26 பருவத்திலிருந்து அது இன்னும் கூடியிருக்கிறது. ஒரே ஆட்டத்தில் பந்தை விலக்குவது, தடுப்பது, இடைமறிப்பது, டாக்கிள் செய்வது எல்லாம் சேர்ந்து பத்தை எட்டினால் டிஃபென்டருக்கு 2 புள்ளி தருகிறார்கள். ஸ்டாப்பராகவே ஆடிப் பழகிய எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாரப் பட்டியலில் நடு இடங்கள் ஒன்றிரண்டு புள்ளியில் மாறுவதற்கு இது பெரிய காரணம். ஆகவே எல்லா இடத்துக்கும் மதிப்பு கொடுக்கும் பட்டியலே பொருத்தம்.

அரசரடி லெஃப்ட் விங்:

மூவருக்கும் நன்றி. குழுவில் பேசி முடிவு செய்துவிட்டோம். பட்டியலைச் செவ்வாய் விடியற்காலையில் போடாமல், கடைசி ஆட்டம் முடிந்த அன்று மாலை, பூக்கடை நண்பர் வீடு திரும்பித் தூங்கி எழுந்த பிறகு போடுவார். மொத்தத்தைக் கழித்தே வாரப் புள்ளி. மேலூர் நண்பரின் 10 முதல் 0 வரையிலான பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். சென்ற வாரத்துக்கான கறிதோசை 69 எடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 71 எடுத்தவர் இன்னும் கூடல்நகர் தோழியின் கட்சியில்தான் இருக்கிறார்.

இரண்டு சிறு கேள்விகள் மீதம் இருக்கின்றன. இருவர் சமமான வாரப் புள்ளி எடுத்தால் என்ன செய்வது? திருமங்கலத்திலிருந்து பன்னிரண்டாவதாக ஒரு நண்பர் இப்போது சேர விரும்புகிறார். அவரைச் சேர்த்தால் கணக்கு கெடுமா?

தமுக்கத்தான்:

சமநிலைக்கு: கிளாசிக் லீக்கில் மொத்தம் சமமானால் குறைவாக டிரான்ஸ்பர் செய்தவரைத் தளம் மேலே வைக்கிறது. வைல்டு கார்டிலும் ஃப்ரீ ஹிட்டிலும் செய்த மாற்றங்களை அதில் எண்ணுவதில்லை. வாரத்துக்கும் அதையே, அந்த வாரத்து டிரான்ஸ்பரை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். அதிலும் சமம் என்றால் கறிதோசையைப் பாதியாகப் பகிரட்டும். கடைசி இடத்தில் சமம் என்றால் பில்லைப் பகிரட்டும்.

திருமங்கலத்து நண்பர் சேர்வதால் வாரக் கணக்கு கெடாது. அவர் புதிதாக அணி அமைத்தால் முந்தைய மொத்தம் பூஜ்யம், கழித்தல் சரியாகவே வரும். மேலூர்க்காரரின் பட்டியலில் மட்டும் அவர் வந்த வாரத்திலிருந்து முதலிடத்துக்கு 11 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றில் கவனம் தேவை. புதிய அணிக்கு முதல் டெட்லைன் வரை எத்தனை மாற்றமும் இலவசம். அணி வாங்க விளையாட்டில் தரும் 10 கோடி பவுண்டையும் கையில் வைத்துக்கொண்டு, இன்று நன்றாக ஆடுகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து இறங்குவார். நீங்கள் எல்லோரும் ஆகஸ்டில் வாங்கிய சுமைகளோடு நிற்பீர்கள். ஆகவே அவர் ஆடும் முதல் வாரத்தில் அவர் கறிதோசை பெறவும் வேண்டாம், பிறருக்கு வாங்கித் தரவும் வேண்டாம் என்று சேர்க்கும்போதே பேசிவிடுங்கள்.