மஞ்சள் கறையும் ஆறு வார வகுப்பும்

ஓட்டல் ரூமையும் படுக்கைத் துணியையும் சுத்தமா வச்சிருக்கிற வேலைதான் ஹவுஸ்கீப்பிங். "ஹவுஸ்கீப்பிங்னா வீட்டு வேலைதானே, அதுக்கு ஆறு வாரம் படிக்கணுமா?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. எங்க மாமியார் என்கிட்ட கேட்டதும் இதேதான். அதனால என் அனுபவத்தைச் சொல்றேன்.

மத்திய சுற்றுலாத் துறை 2009-10ல 'ஹுனர் சே ரோஸ்கர் தக்'னு ஒரு இலவசப் பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சாங்க. நான் சேர்ந்தது அதுலதான், சென்னை தரமணி கேட்டரிங் காலேஜ்ல. மந்தைவெளியில பறக்கும் ரயில் ஏறினா தரமணியில இறங்கிடலாம். குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு ஓடுவேன்.

முதல் வாரம் முழுக்க படுக்கை விரிக்கிறதுதான். பெட்ஷீட் மூலையை 45 டிகிரிக்கு மடிச்சு மெத்தைக்கு அடியில செருகணும். நான் செருகினதை மேடம் நாலு தடவை உருவிப் போட்டாங்க. அஞ்சாவது தடவை கையால தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம அடுத்த கட்டிலுக்குப் போனாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்க பாய் மேலயும் அப்படியே மடிச்சு விரிச்சேன்.

ஆனா என்னைக் கட்டிப் போட்டது லாண்டரி வகுப்பு. சொல்லிக் கொடுத்த அண்ணன் சேத்துப்பட்டு டோபிகானாவுல, அதாவது சலவைத் துறையில வளர்ந்தவர். மஞ்சள் பட்ட தலையணை உறை ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தார். முகூர்த்த நாள்ல ஓட்டல் ரூம் பூரா கல்யாண வீட்டுக்காரங்கதானே, இந்தக் கறை வராம இருக்காது. அதுல சோப்புத் தண்ணி ஊத்தினார். கறை ரத்தமாச் சிவந்துடுச்சு. நாங்க பதறிட்டோம். "ஆரத்தித் தட்டுல மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்தா சிவக்குதில்ல, அதேதாம்மா. சோப்புல காரம், அதாவது ஆல்கலி இருக்கு"ன்னார். எலுமிச்சைச் சாறு விட்டதும் பழையபடி மஞ்சளாச்சு. அப்புறம் அலசி மொட்டை மாடி வெயில்ல போட்டார். சாயங்காலம் பார்த்தா கறை வெளுத்துப் போயிருந்தது. ஓட்டல் வாஷிங் மெஷின்ல கடைசி அலசல்ல 'சவர்'னு லேசான அமிலம் விடுறதும் துணியில தங்கின காரத்தை எடுக்கத்தான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

ரத்தக்கறைக்குப் பச்சத்தண்ணிதான். சுடுதண்ணி பட்டா கறை நூல்ல உறைஞ்சுடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு சுடுதண்ணி வேணும். வெளுத்த ஷீட்டை அன்னிக்கே திரும்ப விரிக்கக் கூடாது, ஒரு நாளாவது அடுக்குல ஓய்வு கொடுத்தாத்தான் நூல் நாள்பட உழைக்கும்னு சொன்னார். அதனாலதான் ஒரு கட்டிலுக்கு மூணு நாலு செட் வச்சிருக்காங்க.

உயிரைக் காப்பாத்தின பாடம் ஒண்ணும் இருக்கு. ஓட்டல்ல சுத்தம் பண்ற கெமிக்கல் பாட்டில்ல ஆர்-1, ஆர்-2ன்னு நம்பர் போட்டிருக்கும். ஆர்-6 டாய்லெட் பேசினுக்கான ஆசிட், மார்பிள் மேல சொட்டினாலே அரிச்சுடும். அதைப் பிளீச்சிங்கோட சேர்த்தா குளோரின் வாயு கிளம்பும். நான் முதல்ல வேலைக்குப் போன இடத்துல, பயிற்சியே இல்லாம எடுத்த ஒரு பொண்ணு கறை போகலைன்னு ரெண்டையும் ஊத்திட்டா. கதவு வேற சாத்தியிருந்தது. நெடி வந்ததுமே அவளை வெளிய இழுத்துக்கிட்டு வந்து ஜன்னலைத் திறந்து விட்டேன். ரெண்டு நாள் இருமினா. அவளுக்கு யாருமே சொல்லித் தரலையேன்னு இப்பவும் மனசு ஆறல.

குறைன்னு சொன்னா, லாண்டரிக்கு எங்களுக்குக் கிடைச்சது நாலே நாள். ஷீட்டைச் சூடான உருளையில விட்டு இஸ்திரி போடுற காலண்டர் மெஷினை எட்ட நின்னுதான் பார்த்தோம். ஒரு ஷிப்டுக்கு 14 ரூம் முடிக்கிற வேகம் வேலையிலதான் வந்துச்சு, முதல் மாசம் இடுப்பு விட்டுப் போச்சு.

தங்கச்சி, சேரப் போறப்போ ரெண்டு கேள்வி கேட்டுக்குங்க: லாண்டரியில எத்தனை நாள் நிக்க விடுவாங்க, மெஷினைத் தொட விடுவாங்களா. வயசு வரம்பும் உண்டு, எங்க காலத்துல 28. வகுப்புக்குப் போறப்போ தேயாத செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க, லாண்டரித் தரை எப்பவும் ஈரம்.