1585 திறக்க மாட்டேங்குது

குடும்பக் குழு, 20ஆம் தேதி காலை

செல்வம் மாமா: வாணிம்மா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் 3பி ஃபைல் ஆக மாட்டேங்குது. டிஎஸ்சி, அதான் டிஜிட்டல் கையெழுத்து, அமுக்கினா "சர்வர் கனெக்‌ஷன் கிடைக்கல, ஈஎம்சைனரை ரீஸ்டார்ட் பண்ணு"ன்னு வருது. அந்தக் கையெழுத்து சாஃப்ட்வேர்தான். கையெழுத்து இருக்கிற யூஎஸ்பி டோக்கன்ல லைட் எரியுது. கடை சிஸ்டம், விண்டோஸ் 7. குரோம். இன்னைக்குக் கடைசி நாள்.

வாணி: ஜிஎஸ்டி சைட் ஒழுங்கா திறந்துச்சா மாமா?

செல்வம் மாமா: காலைல திறக்கல. கடிகாரம் 2009 காட்டுச்சு, மாத்தினதும் திறந்துடுச்சு.

பிரபு: அது தனிக் கோளாறு மாமா. மதர்போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துடுச்சு, 2032ன்னு கேட்டு வாங்குங்க. தேதி தப்பா இருந்தா சைட்டோட அடையாளச் சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடிக்கே வரலன்னு பிரவுசர் நினைச்சுக்கும், எந்த சைட்டையும் விடாது.

வாணி: இப்போ கையெழுத்துக்கு வருவோம். குரோம்ல புது டேப் திறந்து 127.0.0.1:1585 அடிங்க. 1585ங்கிறது ஈஎம்சைனரோட கதவு நம்பர் மாதிரி. முன்னாடி எச்டிடிபிஎஸ் கட்டாயம், அந்த எஸ் விட்டுப்போகக் கூடாது. இன்காக்னிட்டோ வேண்டாம், ரிட்டர்ன் திறந்திருக்கிற அதே குரோம்லயே.

செல்வம் மாமா: "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு"ன்னு வருது.

வாணி: அப்போ ஈஎம்சைனர் ஓடவே இல்ல. ஐகான்ல ரைட் கிளிக், "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்". அப்புறம் அதே டேப்பை ரீலோட் பண்ணுங்க.

மணி சித்தப்பா: ஆன்டிவைரஸ், ஃபயர்வால் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்.

பிரபு: வேண்டாம் சித்தப்பா. 127.0.0.1னா அதே கம்ப்யூட்டர்தான், இந்தப் பேச்சு வயர் தாண்டி வெளியவே போகாது. ஆஃப் பண்ணா பழைய மெஷின் திறந்து கிடக்குறதுதான் மிச்சம்.

செல்வம் மாமா: இப்போ சிவப்பு முக்கோணம். "உங்க கனெக்‌ஷன் பிரைவேட் இல்ல". ஹேக் ஆயிடுச்சா?

வாணி: இல்ல மாமா, இதுக்குத்தான் காத்திருந்தோம் 😀 "அட்வான்ஸ்டு" அமுக்கி, கீழ "ப்ரொசீட்" குடுங்க. பக்கம் வெறுமையா வந்தாலும் பரவாயில்ல. அப்புறம் ரிட்டர்ன் பக்கத்தை ரீலோட் பண்ணி டிஎஸ்சி குடுங்க.

செல்வம் மாமா: என் கையெழுத்து சர்டிஃபிகேட் லிஸ்ட் வந்துடுச்சு! போன மாசமும் இப்படித்தான் மல்லுக்கட்டினேன். ஏன் மாசாமாசம்?

பிரபு: ஈஎம்சைனர் உங்க மெஷினுக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர். 127.0.0.1க்கு வெளியார் யாரும் சர்டிஃபிகேட் தர மாட்டாங்க, அதனால அது தானே கையெழுத்துப் போட்ட சர்டிஃபிகேட்டைக் காட்டுது. பிரவுசர் அதை நம்பாது. ஜிஎஸ்டி பக்கம் பின்னணியில பேசும்போது எச்சரிக்கை காட்டவும் இடமில்ல, சத்தமில்லாம அறுத்துடும். தனி டேப்ல திறந்தாத்தான் அந்த எச்சரிக்கை கண்ணுல படும். நீங்க குடுத்த ஒப்புதலை குரோம் ஒரு வாரம்தான் ஞாபகம் வெச்சிருக்கும். நீங்க ஃபைல் பண்றதோ மாசத்துக்கு ஒருக்கா.

செல்வம் மாமா: அப்போ ஃபயர்பாக்ஸ்?

வாணி: அது விதிவிலக்கை நிரந்தரமா சேமிக்கும். விண்டோஸ் 7க்கு குரோம் 109ஓட நின்னுபோச்சு, 2023லேர்ந்து புதுசு கிடையாது. ஃபயர்பாக்ஸ்ல விண்டோஸ் 7ல ஓடற 115 ஈஎஸ்ஆர் பதிப்பைப் போடுங்க. அதுல ஒருக்கா 1585 திறந்து ஒப்புக்கிட்டா போதும்.

பிரபு: ஒண்ணு மட்டும் மாமா. "ப்ரொசீட்" 127.0.0.1க்கு மட்டும்தான். பேங்க் சைட்ல அதே சிவப்பு வந்தா அமுக்காதீங்க, தேதியைப் பாருங்க, பிரவுசரை மாத்துங்க.

மணி சித்தப்பா: விண்டோஸ் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்ல டிஎல்எஸ் 1.2, அந்தப் பாதுகாப்பு இணைப்பு முறையை, டிக் பண்ணச் சொல்றாங்களே?

பிரபு: குரோமும் ஃபயர்பாக்ஸும் அதைப் பார்க்கிறதே இல்ல சித்தப்பா. எக்ஸ்ப்ளோரருக்கும், விண்டோஸை நம்பி நெட்டுக்குப் போற சில சாஃப்ட்வேருக்கும்தான் அது.

செல்வம் மாமா: டோக்கனோட பின் நம்பர் கேக்குது.

வாணி: நிதானமா அடிங்க. தப்பா அடிச்சுக்கிட்டே போனா டோக்கன் லாக் ஆயிடும், 1585 மாதிரி சுலபமா திறக்காது.

செல்வம் மாமா: ஃபைல் ஆனதுக்கான ஏஆர்என் நம்பர் வந்துடுச்சு. அந்த பேட்டரி நம்பர் என்ன சொன்ன?

பிரபு: 2032. பிளஸ் போட்ட பக்கம் மேல.