4130 குரோமோலியா, சாதா ஸ்டீலா? வெல்டிங் ஓரத்தில் டியூப் உடைகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறேன். மாணவர்களே ரேஸ் கார் செய்து ஓட்டும் பார்முலா பாரத் போட்டிக்காக எங்கள் அணி டியூப் சேசிஸ் (டியூப்களை வெல்டு செய்த கார் சட்டகம்) செய்கிறது. எடை குறையும் என்று 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) டியூப், 25.4 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. கனம், சாம்பிளுக்கு வாங்கி வெளியே ஒரு பட்டறையில் கொடுத்து டி ஜாயிண்ட் மாதிரி டிக் வெல்டிங் (டார்ச் ஒரு கையில், நிரப்பும் ராடு மறு கையில், ஆர்கான் வாயுக் காப்பில் வைப்பது) வைத்துப் பார்த்தோம். வைஸில் பிடித்து நீளமான பைப்பைச் செருகி நெம்பினால் வெல்டிங் அப்படியே நிற்கிறது, அதை ஒட்டின ஓரத்தில் டியூப்தான் மளுக்கென்று உடைகிறது. சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத்துணி சுற்றினார்கள், அதனாலா? ராடு மைல்டு ஸ்டீல் ராடுதானாம். மிக் (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். பேசாமல் சாதா ஸ்டீலுக்குப் போய்விடலாமா அண்ணா?

பதில் 1:
ஈரத்துணியேதான் தம்பி. 4130இல் கார்பன் 0.3 சதவீதம், குரோமியம் 1 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம். சிவக்கச் சூடானதைத் தண்ணீர் காட்டி ஆற்றினால் வெல்டிங்கை ஒட்டின இடம் கடினமாகி வளையாமல் உடையும், நீங்கள் பார்த்தது அதுதான். தானாக ஆற விடுங்கள், பக்கத்தில் ஃபேன் ஓடக்கூடாது, அது வெல்டிங்கைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கானையும் கலைத்துவிடும். இந்தக் கனத்துக்கு முன்சூடு வேண்டியதில்லை. ராடைக் குறை சொல்லாதீர்கள், ஈஆர்70எஸ்-2 என்ற மைல்டு ஸ்டீல் ராடு என்றால் 4130 டியூபுக்கு வழக்கமாகப் போடுவதே அதுதான், கொஞ்சம் இளக்கமாக இருப்பது நல்லது.

பதில் 2:
நான் கேட்பது வேறு, 4130 எதற்கு? இதே மாதிரி மாணவர் கார் போட்டியான பார்முலா எஸ்ஏஇ விதிகளில் வெல்டிங் வைத்த இடத்துக்கு எந்த ஸ்டீலாக இருந்தாலும் ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) 180 மெகாபாஸ்கல் என்றுதான் கணக்கு. குரோமோலிக்குத் தனிச் சலுகை கிடையாது, அதைக் காட்டி டியூபை மெலிதாக்க முடியாது. சேசிஸ் முறுக்கத்தைத் தாங்குவது டியூபின் விட்டம், கனம், முக்கோணமாக்கிய விதம் இவற்றால். விறைப்பைக் காட்டும் யங்ஸ் மாடுலஸ் இரண்டு ஸ்டீலுக்கும் 200 ஜிகாபாஸ்கலை ஒட்டித்தான், அடர்த்தியும் ஒன்றே. 25.4க்கு 1.6 என்றால் எதில் வாங்கினாலும் மீட்டருக்கு 0.94 கிலோ. காசை மட்டும் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அந்தக் காசில் சாதா ஸ்டீலில் சீம்லெஸ் (நீளவாட்டில் ஒட்டு இல்லாத) டியூப் வாங்கி, மீதியில் நிறைய ஜாயிண்ட் போட்டு உடைத்துப் பாருங்கள், உங்களுக்குத் தேவை அந்தப் பழக்கம்தான்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்படியென்றால் ஹார்டுவேர் கடையில் 'ஒரு இன்ச் பைப்' மலிவாகக் கிடைக்கிறது, அது போதுமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம். அது தண்ணீர் பைப், ஒரு இன்ச் என்பது உள்துளையைக் குறிக்கும் பெயரளவு, வெளிவிட்டம் 33.7 மி.மீ. வரும். உங்கள் வரைபடத்தில் இருப்பது வெளிவிட்டம். ஜிஐ (துத்தநாகம் பூசியது) என்றால் துத்தநாகப் புகை வேறு, உடம்புக்குக் கெடுதல், வெல்டிங்கும் கெடும். ஐஎஸ் 3074 வாகன டியூப் என்று கேளுங்கள், மில் டெஸ்ட் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். மெயின் ஹூப்புக்கு (ஓட்டுநர் தலைக்குப் பின்னால் வரும் பாதுகாப்பு வளைவு) பார்முலா எஸ்ஏஇ கணக்கில் 25.4க்கு 2.4 தனியாக வேண்டும், அது நடுவில் ஒட்டுப்போடாத ஒரே டியூபாக இருக்கவேண்டும், வளைத்த இடத்தில் மடிப்பு விழக்கூடாது. இந்த வருட விதிப்புத்தகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதில் 1:
மிக் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதா ஸ்டீலில் மிக் தப்பில்லை, வேகம். ஆனால் தொடங்கும் இடம் குளிர்ந்தே இருக்கும், மேலே அழகாகப் படிந்து உள்ளே பிடிக்காமல் போகும், அது கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சின்ன முனைகள் வந்து சேரும் நோடில் டிக்தான் கைக்கு அடங்கும். டிசி, டார்ச் நெகட்டிவ், 1.6 ராடு, 60 ஆம்பியர் பக்கத்தில் தொடங்குங்கள். முடிக்கும்போது டார்ச்சைச் சட்டென்று இழுக்காமல் கரண்ட்டை மெல்லக் குறைத்து, குழி நிரம்பின பிறகு எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தக் குழியிலிருந்தே விரிசல் கிளம்பும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மீன்வாய் வெட்டு, அதாவது டியூப் முனையை மற்ற டியூபின் வளைவுக்குப் பொருந்த வெட்டுவது. டியூபை வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்கு அரம் போட்டு உட்காரவேண்டும். இடைவெளியை ராடால் நிரப்பப் போனால் சூடு ஏறி டியூப் இழுத்துக்கொள்ளும். மேலே உள்ள கருப்புச் செதிலை வெள்ளை தெரியும்வரை தேய்த்து அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். முழு ஃபிரேமையும் ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) வைத்து டேக் (சின்னச் சின்னப் புள்ளி வெல்டு) போட்டு அளந்துவிட்டு, அப்புறம் எதிரெதிர் மூலையாக மாறி மாறி வெல்டு பண்ணுங்கள். ஒரே பக்கம் முடித்தீர்களானால் சஸ்பென்ஷன் பாயிண்ட் எல்லாம் நகர்ந்துவிடும்.

கேட்டவர்:
சரி அண்ணா. சாதா ஸ்டீலில் டி ஜாயிண்ட் போட்டு, தானாக ஆறவிட்டு, குறுக்கே அறுத்துப் படம் போடுகிறேன்.

பதில் 1:
அறுத்த முகத்தை நைஸ் எமரியால் தேய்த்துவிட்டுப் படம் எடுங்கள், அடிவரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.