பழைய ஹைலக்ஸை உயர்த்த உதவி தேவை

உறவுகளே, ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். அப்பா விட்டுச்சென்ற 1991ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப் பிக்கப் என்னிடம் இருக்கிறது: எல்என்106 மொடல், 2.8 லீற்றர் டீசல், முன்னாலும் முழு அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும். மாரியில் முத்தையன்கட்டு வயல் பாதையில் அச்சுப் பெட்டி (அச்சின் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டி) சேற்றை உழுகிறது. அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. டயருக்கு இடம்விடவே ஸ்பிரிங்கை உயர்த்த வேண்டும்.

சென்ற வருடம் ஒரு கராச்சில் முன் ஷக்கிளை (ஸ்பிரிங் நுனியைச் சட்டகத்தோடு இணைக்கும் துண்டை) மட்டும் நீளமாக்கினார்கள். அச்சு சாய்ந்து காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறிவிட்டது. ஏ9 வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போனாலே வண்டி அலைந்தது. பழைய ஷக்கிளையே மீண்டும் பூட்டிவிட்டேன்.

இப்போது 2 அங்குலம் உயரமான ஸ்பிரிங்கும் 31 அங்குல டயரும் போட நினைக்கிறேன். கோணத்தைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புத் தகடு வைத்தவர்கள் உண்டா? எத்தனை பாகை? ஸ்டியரிங் தண்டு சரிந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கை இழுபடும். தண்டை நக்கிளின் (முன்சக்கரத்தைத் திருப்பும் முட்டின்) மேற்பக்கத்துக்கு மாற்றும் ஸ்டியரிங் ஆம்களை எங்கே வாங்கலாம்? தண்டை வெட்டி வெல்டிங் செய்யச் சொல்லாதீர்கள். பிள்ளைகளும் ஏறும் வண்டி. பிரேக் ஹோஸையும் நீட்ட வேண்டுமா? வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும்.