செங்காந்தள் வளர்ப்பவர்களும் வேலியில், காட்டில் கண்டவர்களும் வந்து எழுதுங்கள்

மொட்டைமாடி (தாம்பரம்):

மாநிலப் பூ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைச்சல். ரோஜாவும் செம்பருத்தியும் விற்கிற நர்சரியில் செங்காந்தள் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். மூலிகைச் செடி விற்பவர்களிடம் போய் கண்வலிக்கிழங்கு என்று கேட்டால்தான் வேலை நடக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன். சில வருடங்களாக மாடியில் பைகளில் வளர்க்கிறேன். வளர்ப்பவர்கள், வளர்க்க நினைப்பவர்கள், போகிற வழியில் எங்கேயோ பார்த்துவிட்டு இது என்ன பூ என்று நின்றவர்கள், எல்லாரும் எழுதுங்கள். முதலில் என் பங்கு.

கிழங்கு கவட்டை மாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். கையின் நுனியில் ஒரே ஒரு முளைக்கண். அது உடைந்தால் அந்தக் கை போனது, வேறு இடத்தில் முளைக்காது. கூரியரில் வந்த கிழங்கைப் பிரித்ததும் முதலில் நுனியைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது கனம். ஐம்பது அறுபது கிராம் இருந்தால் அந்த வருடமே பூக்கும். மெலிந்த கிழங்கு கொடி விடும், பூ விடாது, நாம்தான் உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

செம்மண், ஆற்று மணல், மட்கிய தொழு உரம் கலந்து பையை நிரப்புகிறேன். தண்ணீர் ஊற்றினால் கீழே ஓடிவிட வேண்டும், மேலே நிற்கவே கூடாது. ஆடியில் நடுவேன். சென்னைப் பக்கம் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று தெரியுமே, அதனால் பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிடுவேன்.

இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்ளும். பிடிக்கிற பொருள் மெல்லியதாக இருக்க வேண்டும். தடி மூங்கிலை நட்டு வைத்தால் பிடிக்கத் தெரியாமல் சரிந்து கிடக்கும். நைலான் வலையோ காய்ந்த குச்சிகளோ போதும்.

பூவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழும் பின்பக்கமாக மடங்கி மேலே நிமிர்ந்துவிடும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்க ஆரம்பிக்கும், கடைசியில் முழுச் சிவப்பு. அதனால் ஒரே கொடியில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக வெவ்வேறு வயதில் பூக்கள் நிற்கும். உள்ளே கூர்ந்து பாருங்கள்: சூல்தண்டு நேராக நீளாமல் கிட்டத்தட்ட செங்கோணத்தில் ஒரு பக்கமாக ஒடிந்து நிற்கும். முருகனுக்குரிய பூ என்று சங்கப் புலவர்கள் பாடியதில் ஆச்சரியமே இல்லை.

மார்கழி தை வந்தால் இலை மஞ்சளாகும், கொடி காய்ந்து விழும். பாதிப் பேர் செடியை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். செத்துப் போச்சு என்று மண்ணைக் கொட்டிவிடுவார்கள், அல்லது பாவம் வாடுது என்று தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டாவதுதான் கொடுமை. உறங்குகிற கிழங்குக்கு ஈரம் பட்டால் அழுகல். காய்ந்ததும் பையை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு, அடுத்த ஆடி வரை தண்ணீர் காட்ட மாட்டேன். "உள்ளே கிழங்கு இருக்கிறது, தண்ணீர் வேண்டாம்" என்று அட்டையும் கட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கருணை மிகுந்தவர்கள் அதிகம்.

மூலனூர்க்காரன்:

மாடில வெச்சுப் பூக்க வெச்சுட்டீங்க, பலே. எங்கூருப் பக்கம் இது வெள்ளாமைங்க. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சின்னு இந்தச் சுத்து வட்டாரத்துல ஏக்கர் கணக்குல போடறாங்க. கம்பி கட்டி, முள்கிளுவைப் போத்து நட்டு அதுமேல ஏத்தி விடறதுங்க. கெழங்கு நாலஞ்சு வருசம் மண்ணுக்குள்ளயே கெடக்கும். மழை விழுந்தா வரும், முடிஞ்சா போயிரும். நீங்க சொன்ன மாதிரி, அது தூங்கறப்ப நாங்க ஒண்ணும் பண்றதில்லைங்க.

நாங்க பூவுக்காகப் போடறதில்ல, விதைக்காக. அதுக்குத்தான் பாடு. அக்கா சொன்னாங்களே, சூல்தண்டு ஒரு பக்கமா மடங்கி நிக்குதுன்னு, அதனால அதோட மகரந்தம் அதுமேலயே படறது கஷ்டம். வண்ணத்துப்பூச்சிய நம்பிட்டு இருந்தா காய் சொற்பம். காலையில எட்டு மணியில இருந்து பதினொண்ணு வரைக்கும் காட்டுக்குள்ள எறங்கி, புதுசா விரிஞ்ச பூவாப் பாத்து, மகரந்தப்பையக் கிள்ளி, இன்னொரு பூவோட சூல்முடியில தொட்டுத் தொட்டு வெச்சுட்டே போவோணும். தெனமும் புதுசு புதுசா விரியும், தெனமும் போவோணும். பொம்பளைங்க கை வேகம் ஆம்பளைக்கு வராதுங்க, ஒத்துக்கறேன். அந்நேரத்துல ஒரு தூறல் போட்டுதுன்னா மகரந்தம் நனைஞ்சு அன்னிக்குக் கூலி வீண்.

காய் முத்தி வெடிக்கற பதத்துல பறிச்சு, நெழல்ல போட்டா செக்கச்செவேல்னு விதை தெரியும். அதை உரிச்சுக் காய வெச்சு வியாபாரிக்குக் குடுக்கறது. பாதிக்கு மேல வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்குத்தான் போவுதுங்க. அதுல கால்ச்சிசின்னு ஒரு சரக்கு இருக்கு. யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குதே, அந்த வாதத்துக்கு மருந்து. இடுப்புப் பிடிச்சா டாக்டர் தயோகால்ச்சிகோசைடுன்னு மாத்திரை எழுதறாருல்ல, அதுக்கும் நம்ம விதைதான் மூலம். வெலைய மட்டும் கேக்காதீங்க. ஒரு வருசம் தூக்கி விடும், மறு வருசம் குழியில போட்டுரும். நெல்லு கரும்பு மாதிரி அரசாங்கம் வெலை கட்டறது இல்லைங்களே.

ஒண்ணு சொல்லிடறேன். கருப்பு ஒடம்புல வெள்ளையும் செம்மஞ்சளுமாப் புள்ளி வெச்ச புழு வரும். ரெண்டு நாள் அசந்தா எலையே இருக்காது. மாடியில நாலு பைதானே, கையில பொறுக்கிப் போட்டுருங்க, மருந்தெல்லாம் வேண்டாம்.

வேலியோரம் (ஊர் மானிப்பாய், இப்ப ரொறன்ரோ):

எங்கட வீட்டில ஒருத்தரும் இதை நட்டதில்லை. கிளுவை வேலியில தானா வரும். மாரி தொடங்கினாப் பிறகு கதியாலுக்குள்ளால தலையை நீட்டி, கார்த்திகையில வேலி முழுக்கப் பூ. அதாலதான் நாங்கள் கார்த்திகைப்பூ எண்டு சொல்லுறது. தமிழீழத்தின்ர தேசியப் பூ எண்டு ஆனாப் பிறகு அதைப் பாக்கிற கண்ணே வேற. நவம்பர் 27, மாவீரர் நாள் எண்டால் உலகத்தில எங்க இருந்தாலும் எங்கட ஆக்களின்ர சட்டையில இந்தப் பூ குத்தியிருக்கும்.

இப்ப ஊருக்குப் போனால் தேடித்தான் பாக்க வேண்டிக் கிடக்கு. சண்டை முடிஞ்சாப் பிறகு வெளிநாட்டுக் காசில வேலியெல்லாம் மதிலாப் போச்சு. (என்ர தமையனும் அனுப்பினவர்தான்.) சீமெந்து மதிலில இலை நுனி எதைப் பிடிக்கிறது? அத்திவாரம் வெட்டேக்க கிழங்கும் சேர்ந்து போயிடும். பூ அழிஞ்சு போகுது எண்டு கவலைப்படுற ஆக்கள் முதலில ஒரு பக்கத்து வேலியையாவது கிளுவையா விடுங்கோ.

இங்க ரொறன்ரோவில வசந்தகாலத்தில கிழங்கு விக்கிறாங்கள், றொத்சைல்டியானா எண்டு ஒரு வகை. இதழ் கொஞ்சம் அகலம், ஊர்ப் பூவை விடக் கடுஞ்சிவப்பு. ஏப்ரலில வீட்டுக்குள்ள சட்டியில வைச்சு, ஜூனில வெளியில எடுப்பன். ஓகஸ்டில பூக்கும். குளிர் வர முதல் கிழங்கைக் கிண்டி, காய்ஞ்ச மரத்தூளுக்குள்ள போட்டு நிலவறையில வைச்சிடுவன். ஓகஸ்டில பூக்கிறதைக் கார்த்திகைப்பூ எண்டு சொல்ல வாய் வரேல்லை, ஆனாலும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பாமல் விடுறதில்லை.

இரவுப்பணி:

பூவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். நான் செவிலியர், எனக்கு இந்தச் செடி வேறு வழியில்தான் அறிமுகம். வார்டில்.

மண்ணிலிருந்து எடுத்த கிழங்கைப் பார்த்தால் ஏதோ வள்ளிக்கிழங்கு என்று நினைக்கத் தோன்றும். அவித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தே சாப்பிட்டு வந்தவர்களையும். சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும், காலரா என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதற்குப் பிறகு இரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகம் தடுமாறும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, டயாலிசிஸ் செய்தும் இந்த விஷத்தை வெளியேற்ற முடியாது. உடம்பு தாங்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. பிழைத்தவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். ஒரு பெண் அழுதுகொண்டே சீப்பைக் காட்டினார். திரும்ப முளைக்கும் அம்மா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. முளைக்கவும் செய்தது.

கிழங்கு, விதை, இலை, எல்லாமே விஷம்தான், விதையில் இன்னும் கூடுதல். ஆகவே வளர்ப்பவர்கள் கிழங்கைச் சமையலறைப் பக்கம் உலர்த்தாதீர்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். காய் வெடித்துச் சிவப்பு விதை தெரிந்தால் குழந்தை வாயில் போடத்தான் பார்க்கும், அதற்கு முன்னால் கிள்ளி எறிந்துவிடுங்கள். மீறி ஏதாவது நடந்தால், மிச்சக் கிழங்கையோ செடியையோ ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள். என்ன சாப்பிட்டார் என்று தெரியாமல் நாங்கள் இழக்கிற நேரம் கொஞ்சநஞ்சமல்ல. கண்வலிக்கும் தேள்கடிக்கும் நாட்டு மருந்து என்று அரைத்துத் தடவச் சொல்பவர்களைத் தயவுசெய்து இங்கே ஊக்குவிக்க வேண்டாம்.

உப்புக்காற்று (வேதாரண்யம்):

எங்க பக்கம் மணல்லயே வரும். கோடியக்கரை காட்டுக்குள்ள மழைக்காலத்துல போனீங்கன்னா, முள்ளுப் புதருக்கு உள்ளே முளைச்சு, புதர் உச்சிக்கு வந்து பூத்து நிக்கும். மான் மேயுற இடம்கிறதால புதருக்கு வெளியில முளைச்சது மிதிபட்டே போயிடும்னு நான் நினைக்கிறேன். முள்ளுதான் காவல்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப மூலிகை வியாபாரிக்காகக் காட்டுல கிழங்கு தோண்டுறவங்க உண்டு. ஒரு கிழங்க எடுத்தா அந்த இடத்துல பல வருசத்துக்குப் பூ கிடையாது. விதை விழுந்து முளைச்சாலும் பூக்கிற கனத்துக்குக் கிழங்கு பெருக்க மூணு நாலு வருசம் ஆகும். 1967ல சரணாலயம் ஆன இடம் அது, உள்ளேருந்து ஒரு இலை கிள்ளினாலும் வழக்கு வரும். இருந்தும் "காட்டுக் கிழங்குதான் சார் வீரியம்"னு விக்கிறவன் இன்னும் இருக்கான். வாங்காதீங்க. மூலனூர் அண்ணன் மாதிரி விவசாயிகிட்ட வாங்குனா அவருக்கும் நாலு காசு, காடும் பிழைக்கும்.

புதுத்தோட்டம் (கோவை):

அக்கா, ஒரு சந்தேகம். கொடி ஆள் உயரம் வந்துருச்சு, இலை நல்லாப் பச்சையா இருக்கு, மொட்டே காணோம். எப்சம் உப்பு போடச் சொல்றாங்க. போடட்டுமா?

மொட்டைமாடி:

உப்பெல்லாம் வேண்டாம் தம்பி. வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது? பால்கனி என்றால் அதுதான் காரணமாக இருக்கும், குறைந்தது அரைநாள் வெயில் வேண்டும். வேருக்கு நிழல், தலைக்கு வெயில், அதுதான் இதற்குப் பிடிக்கும். இன்னொன்று, நட்டபோது கிழங்கு என்ன கனம்? சின்னதாக இருந்தால் இந்த வருடம் இலையைக் காப்பாற்றுங்கள், அது போதும். இலை தயாரிக்கிற சாப்பாடுதான் கிழங்குக்குள் போய் அடுத்த வருடப் பூவாகிறது. பச்சையாக இருக்கும்போது வெட்டிவிடாதீர்கள், தானாகக் காயட்டும்.

புதுத்தோட்டம்:

சுண்டுவிரல் கனம்தான் அக்கா இருந்துச்சு. கிழக்குப் பார்த்த பால்கனி. அப்போ மாடிக்கு ஏத்திடறேன்.

மூலனூர்க்காரன்:

தம்பி, கொடியோட தூக்கறப்ப நுனி ஒடிஞ்சிரப் போவுது. மொட்டு வர்றது நுனிப் பக்கந்தான். பையோட, குச்சியோட, ரெண்டு பேராப் புடிச்சு ஏத்துங்க.

மொட்டைமாடி:

வேலியோரம், உங்கள் மதில் விஷயம் மனதில் நின்றுவிட்டது. இங்கே என் தெருவிலும் ஒரே ஒரு உயிர்வேலிதான் மிச்சம், அந்த மனையும் விலைக்குப் போயிருக்கிறது.

தனிச்செய்தியில் கிழங்கு கேட்பவர்களுக்கு: மாசியில் பைகளைக் கொட்டிப் பிரிப்பேன், நாலைந்து கிழங்கு கூடுதலாக இருக்கும். தாம்பரம் பக்கம் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். கூரியரில் முளைக்கண் உடைவதால் அனுப்புவதில்லை. தவழுகிற குழந்தையோ செடியைக் கடிக்கிற நாயோ இருக்கிற வீட்டுக்குத் தர மாட்டேன். குழந்தை வளர்ந்ததும் வாருங்கள், அதற்குள் கிழங்கும் பெருகியிருக்கும்.