கண்ணாடி இழைக்கு அடியில் வெள்ளைக் குமிழிகள்

கேள்வி:
நானே செய்த பதினான்கு அடி மரத் தோணி. நேற்றுக் காலை கண்ணாடி இழைத் துணியை விரித்து எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) தடவினேன். துணி கண்ணெதிரே மறைந்து மரத்தின் ரேகை மின்னியது, பூரித்துப் போனேன். மதியம் பார்த்தால் கடுகு கடுகாக வெள்ளைக் குமிழிகள்! மொத்தத்தையும் உரிக்க வேண்டுமா?

பதில்:
வேண்டவே வேண்டாம். காலையில் தடவியதுதான் வினை. வெப்பம் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பிசினைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பொழுது சாய்ந்து மரம் குளிரத் தொடங்கும்போது தடவினால், அதுவே பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். துணிக்கு முன் வெறும் எபாக்சி ஒரு பூச்சு கொடுத்திருக்கலாம். குமிழி உள்ள இடத்தை மட்டும் தேய்த்துத் திறந்து சிறு துண்டுத் துணி ஒட்டுங்கள்.

இன்னொரு பதில்:
தேய்ப்பதற்கு முன் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இறுகிய எபாக்சியின் மேல் மெழுகுபோல ஒரு படலம் படியலாம். நான் அவசரக்குடுக்கை, கழுவாமல் உப்புத்தாளைப் போட்டேன். தாள் அடைத்துக்கொண்டது, அடுத்த பூச்சும் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விலகி நின்றது.

கேட்டவர்:
விரலால் தொட்டேன், வழுக்குகிறது! வாளியோடு போகிறேன். மேலே வார்னிஷ் அவசியமா?

பதில்:
அவசியம். புற ஊதாக் கதிர் தாங்கும் வார்னிஷ் இல்லாவிட்டால் வெயிலில் எபாக்சி மஞ்சளித்து வெளுத்துவிடும்.