ஹார்மோன் ஊசி போட்டுக்கிட்டே எடை குறைச்ச என் கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எனக்கு வயசு 63. புராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்சப்போ எடை 84 கிலோ. ரேடியேஷனோட சேத்து மூணு மாசத்துக்கு ஒருதடவை ஹார்மோன் ஊசி. டெஸ்டோஸ்டிரோன்தான் இந்த கேன்சருக்குத் தீனி, ஊசி அதை அடியோட குறைச்சிடும். ஆனா நம்ம தசைக்கும் அதுதான் தீனின்னு எனக்கு அப்ப உறைக்கல. டாக்டர் சொல்லியிருப்பார், அன்னிக்கு கேன்சர்ங்கற வார்த்தையைத் தவிர என் காதுல வேற எதுவும் விழல.

ஏழே மாசத்துல 91. தொப்பை மட்டும் முன்னாடி வருது, கையும் தொடையும் சூம்பிட்டே போகுது. நடுராத்திரி குப்புன்னு உடம்பு கொதிச்சு பனியன் நனைஞ்சிடும், அப்புறம் தூக்கம் ஏது, காலையில அசதி, அசதியா இருக்கேன்னு எதையாவது கொறிக்கறது, இப்படியே ஓடுச்சு.

பயந்துபோய் பட்டினி கிடந்தேன். ராத்திரி சாப்பாடே கிடையாது. ரெண்டு மாசத்துல 5 கிலோ இறங்குச்சு, பாக்கறவங்ககிட்டல்லாம் பெருமையடிச்சேன். ஒருநாள் கீழ விழுந்த மாத்திரை அட்டையை எடுக்கலாம்னு குத்தவச்சு உக்காந்தவன் எந்திரிக்க முடியாம கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு தொங்குறேன், ரூம்ல யாருமில்ல, கூப்பிடவும் வெக்கம். ஒருவழியா முக்கி முனகி எந்திரிச்சப்புறம்தான் கவனிச்சேன், 5 கிலோ குறைஞ்சும் பெல்ட் அதே ஓட்டையிலதான் இருக்கு. போனது கொழுப்பு இல்ல, சதை.

டாக்டர்கிட்ட சொன்னதும் முதல்ல எலும்பு அடர்த்தி பாக்க டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார், இந்த ஊசி எலும்பையும் மெலிய வைக்குமாம். எலும்புக்குப் பரவலங்கறதையும் பாத்துட்டுத்தான் பிசியோகிட்ட அனுப்பினார். அந்தம்மா கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு நாற்காலியிலேருந்து 30 செகண்டுல எத்தனை தடவை எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணினாங்க. 6. என் வயசு ஆம்பளைக்கு 14க்குக் கீழ போனாலே பலம் கம்மின்னு அர்த்தமாம். மானம் போச்சு.

அதுக்கப்புறம் வாரம் ரெண்டு நாள் டம்பெல், ரப்பர் பேண்ட். 2 கிலோவுலதான் ஆரம்பிச்சேன், சிரிக்காதீங்க. அஞ்சு நாள் அரைமணி நேரம் நடை, பேச முடியணும் ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அந்த வேகம். சாப்பாட்டுல பட்டினிய விட்டுட்டு மூணு வேளையும் புரதம் வச்சேன், ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம்னு கணக்கு போட்டுக் குடுத்தாங்க. தட்டுல பாதி காய்கறி, இனிப்பு பானம் சுத்தமா இல்ல. 11 மாசத்துல 82. பெல்ட் மூணு ஓட்டை உள்ள போயிடுச்சு. இந்த கேன்சரை கவனிக்க ரத்தத்துல பாக்கற பிஎஸ்ஏ அளவும் இறங்குச்சு, ஆனா அது ஊசியும் ரேடியேஷனும் பண்ண வேலை, என் டம்பெல் பண்ணதுன்னு சொல்லமாட்டேன்.

* * *

அண்ணே, எனக்கு ஊசி இல்ல, ஆபரேஷன். ஒண்ணுக்குப் போக வச்சிருந்த கதீட்டர் குழாயை எடுத்தப்புறம் ஒண்ணுக்கு சொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஆறு வாரம் வெயிட் எதுவும் தூக்கக்கூடாதுன்னாங்க, நான் அதையே சாக்கா வச்சு ஆறு மாசம் அசையவே இல்ல, 8 கிலோ ஏறிட்டேன். தொப்பை அழுத்த அழுத்த கசிவும் ஜாஸ்தி. ஜிம்ல முதல் நாள் குனிஞ்சு நிமிர்ந்தேன், பேண்ட் நனைஞ்சிடுச்சு, அப்படியே ஓடி வந்துட்டேன். அப்புறம்தான் பிசியோ சொல்லிக் குடுத்தார், எந்திரிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணுக்கை அடக்குற மாதிரி இறுக்கிக்கணும், மூச்சை வெளிய விட்டுக்கிட்டே எந்திரிக்கணும். அந்த ஒரு விஷயம் தெரிஞ்சப்புறம்தான் எனக்கு ஜிம்முக்குத் தைரியமா போக முடிஞ்சது. பேடு வச்சுக்கிட்டுதான் போவேன், கருப்பு பேண்ட்.

* * *

நான் சிகிச்சை எதுவும் இல்லாம கண்காணிப்புல மட்டும் இருக்கேன். காய்கறியா தின்னு தீத்தா கேன்சர் அப்படியே நின்னுடும்னு நம்பிட்டு இருந்தேன். அதுக்குன்னே 2020ல ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, என்னை மாதிரி 478 பேரை ரெண்டு வருஷம் பாத்தாங்க, காய்கறி ஜாஸ்தி சாப்பிட்டவங்களுக்கும் நோய் முத்துற வேகம் குறையல. கொஞ்சம் நொந்துட்டேன். ஆனா சுகருக்கும் இதயத்துக்கும் நல்லதுதானேன்னு விடாம சாப்பிடுறேன், நம்மள்ல நிறைய பேர் போறது ஹார்ட்லதான். இன்னொண்ணு, ஜிம்ல ஒருத்தர் விட்டமின் ஈ மாத்திரைய நீட்டினார், வாங்காதீங்க. 35,000 பேரை வச்சு செஞ்ச 'செலக்ட்'ங்கற ஆராய்ச்சியில தினம் 400 யூனிட் போட்டவங்களுக்கு புராஸ்டேட் கேன்சர் வர்றது 17 சதவீதம் அதிகமாச்சுன்னு 2011லயே சொல்லிட்டாங்க.

* * *

அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கு முதுகெலும்புலயும் இடுப்புலயும் பரவியிருக்கு. 66 இருந்தவர் ஒண்ணும் பண்ணாமலே 58க்கு வந்துட்டார். வர்றவங்கல்லாம் சர்க்கரை கேன்சருக்குத் தீனி, அதை நிறுத்து இதை நிறுத்துன்னு சொல்லிட்டுப் போறாங்க, நானும் கேட்டுக்கிட்டு எல்லாத்தையும் குறைச்சேன். டாக்டர் என்னைத்தான் திட்டினார், இவருக்கு இனி ஒரு கிலோ கூட இறங்கக்கூடாதுன்னு. இப்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கொஞ்சம் கொஞ்சமா முட்டை, பால்னு குடுக்கறேன். முதுகை முறுக்கற, குனியற பயிற்சி எதுவும் கூடாதுன்னுட்டாங்க, நாற்காலியில உக்காந்தபடியே காலை நீட்டி மடக்குறார். தலைப்பைப் பாத்துட்டு யாராவது இவர் மாதிரி ஆளுக்கு பட்டினி போட்டுடப் போறாங்கன்னுதான் எழுதறேன்.

* * *

நல்லவேளை எழுதினீங்கம்மா, தலைப்புல எடைன்னு போட்டது என் தப்புதான். நான் கூட இப்ப மெஷின்ல மாசம் ஒருதடவைதான் ஏறுறேன். நாற்காலி கணக்கைத்தான் வாராவாரம் காலண்டர்ல குறிச்சு வைக்கறேன். நேத்து 15. கடைசி ஒண்ணுல கை கொஞ்சம் ஊனிட்டேன், வீட்ல யாரும் பாக்கல.